கல்லூரி மைதானத்தில் சம்பா நடவு

நாகப்பட்டினம் சுங்கக் கொட்டகையில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, காற்று இறக்கி மடித்து வைத்திருந்த வாலிபால்களைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். சரோங், பிஸ்கட் டப்பா, தலைவலித் தைலம் எல்லாம் அவருக்குப் பழகிப்போன சாமான்கள். இது புதிது.

“இதுக்குள்ள என்ன இருக்கு?”

“காத்துகூட இல்லைங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பந்தையும் நசுக்கினார், காதருகே வைத்து ஆட்டினார். கடைசியில் ஒன்றை ஊதிக் காட்டச் சொன்னார். பம்பு பெட்டியின் அடியில் கிடந்தது. கப்பலில் வந்த பாதிப்பேர் சுற்றி நிற்க, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பந்துக்குக் காற்றடித்தேன். அது உருண்டையாக ஆன பிறகுதான் அது பந்துதான் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது. எனக்கு அவர்மேல் கோபமில்லை. நானும் அப்படிப்பட்ட ஆள்தான். பிள்ளைகள் கால் சுளுக்கு என்று வந்தால் இரண்டு காலையும் காட்டச் சொல்பவள்.

மலேசியாவில் ஈப்போ நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். கொஞ்ச காலத்துக்கு முன்பு தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் தாளாளர் எங்கள் ஊருக்கு வந்திருந்தார். வெள்ளை ஜிப்பா, தோளில் கரைபோட்ட துண்டு, மேடையில் அருவி மாதிரித் தமிழ். காவிரிக் கரையில் ஏழைப் பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு ஸ்டேடியம் கட்டப்போவதாகச் சொன்னார். எங்கள் தமிழ்ச் சங்கம் வசூலில் இறங்கியது. ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய் உண்டியல் குலுக்கியவர்களில் நானும் ஒருத்தி. பால்மரம் வெட்டும் பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு போட்டார்கள். பாதிப் பணம் பெண்பிள்ளைகளின் விளையாட்டுக்குப் போக வேண்டும் என்று நான் ஒரு நிபந்தனை வைத்தேன். தாளாளர் கைகூப்பி ஒப்புக்கொண்டார். முதல் தவணை போய்ச் சேர்ந்தது. இப்போது இரண்டாம் தவணை கேட்டிருந்தார்கள்; மைதானத்தில் பார்வையாளர் மேடைக்கு அடிக்கல் நாட்ட ஒரு பிரதிநிதியையும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

“நீங்களே போயிட்டு வாங்க டீச்சர். உங்களை யாரும் ஏமாத்த முடியாது” என்றார் சங்கத் தலைவர். அது பாராட்டா, கொஞ்ச நாள் தொல்லை தீரட்டும் என்ற எண்ணமா என்று அதிலும் எனக்குச் சந்தேகம்.

கொட்டகைக்கு வெளியே கல்லூரிக் கார் நின்றது. டிரைவர் என்னைத் தாண்டிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலேசியப் பிரதிநிதி என்றதும் கோட்டுப் போட்ட ஆண் ஒருவரை எதிர்பார்த்திருக்கிறார். நான்தான் என்று சொன்னதும் பெட்டியை வாங்கிக்கொண்டார். ஆனாலும் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கார் புத்தம் புதியது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

“புது வண்டியா?”

“ஆமாங்கம்மா. ஸ்டேடியம் வண்டி.”

“அப்படின்னா?”

“ஆபீஸ்ல அப்படித்தாங்க சொல்றாங்க. காலேஜ் வண்டி ஒண்ணு, மில்லு வண்டி ஒண்ணு, இது ஸ்டேடியம் வண்டி.”

எங்கள் முதல் தவணையின் ஒரு பகுதிமேல்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. முதுகில் வேர்த்து உறை ஒட்டிக்கொண்டது.

கடைத்தெருவில் ஒரு மீனவப் பெண் நடத்திய சாப்பாட்டுக் கடையில் மத்தியானம் சாப்பிட்டோம். சுறாப்புட்டும் மீன் குழம்பும். எங்கள் ஊரில் சோறு தட்டின் நடுவில் ஒரு கிண்ண அளவுக்குக் குவிந்திருக்கும், கறிகள் அதைச் சுற்றி நிற்கும். இங்கே சோறு இலையை நிறைத்துக்கொண்டு வந்தது. போதும் என்று கையால் மறைத்தால், “வந்த இடத்துல என்ன கூச்சம்” என்று கைமேலேயே போட்டார் அந்தப் பெண்.

திருவாரூரைத் தாண்டியதும் டயர் பஞ்சர். டிரைவர் சக்கரத்தைக் கழற்றும்போது நான் சாலையோர மதகில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை வயல். உழுது தண்ணீர் கட்டிய நிலம் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அழகாக இருந்தது. ஆனால் அதே சாலையில் ஒரு போலீஸ் லாரி நின்றது. சுவரில் உழுகிறவனுக்கே நிலம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை யாரோ பாதி சுண்ணாம்படித்து மறைத்திருந்தார்கள்.

“நடவுக் கூலித் தகராறுங்க” என்றார் டிரைவர். “ஒருத்தருக்கு இத்தனை நிலம்தான்னு உச்சவரம்புச் சட்டம் வந்ததுலேருந்து இந்தப் பக்கம் யாரும் யாரையும் நம்புறதில்லை. பண்ணைக்காரங்க ஆளுங்களை நம்ப மாட்டாங்க. ஆளுங்க ஆபீசருங்களை நம்ப மாட்டாங்க.”

“நீங்க யாரை நம்புவீங்க?”

“நான் ஸ்டெப்னியை நம்புனேன். அதுலயும் காத்து இல்லைங்க.”

என் பம்பைக் கொடுத்துப் பார்த்தேன். பந்துக்கு அடிக்கிற பம்பு டயருக்கு எந்த மூலைக்கு? ஒரு மாட்டுவண்டிக்காரர் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு போய் ஒட்டிக் கொண்டுவரும்வரை காத்திருந்தோம்.

மறுநாள் காலை கல்லூரி விருந்தினர் விடுதியில் இட்லியும், நுரை அடங்காத காபியும். எங்கள் கோப்பியில் பால் டின்னிலிருந்து வரும். இங்கே மாட்டிலிருந்து நேராக டம்ளருக்கு வந்த மாதிரி இருந்தது. அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே உடற்கல்வி இயக்குநர் அந்தோணி வந்துவிட்டார். என்னைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு அவருக்கு. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் விசில், முகத்தில் தூக்கம் போதாத களை. என் பெட்டியிலிருந்த பந்துகளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றைக் கையில் வைத்துத் தையலைத் தடவிப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் மட்டும் அவர் முகம் நன்றாக இருந்தது.

முதலில் கோப்பைகள் இருக்கும் அறை. ஒரு சுவர் முழுக்க வாலிபால் கோப்பைகள். பிறகு மாணவர் விடுதிச் சாப்பாட்டுக்கூடம். நீள பெஞ்சுகளில் பிள்ளைகள் சாம்பாரும் சோறுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு மேஜைக்கு மட்டும் முட்டையும் ஆட்டுக்கறியும் போயின. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் மாணவர்கள் மாதிரி இல்லை. ஒருவருக்கு முன்நெற்றி ஏறத் தொடங்கியிருந்தது.

“நம்ம டீம் மேடம்” என்றார் அந்தோணி.

“என்ன படிக்கிறாங்க?”

“பி.ஏ. முடிச்சவங்க டிப்ளமோல இருக்காங்க. டிப்ளமோ முடிச்சவங்க மறுபடி வேற பி.ஏ.ல இருக்காங்க.”

“பெண்கள் அணி?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “இருக்குங்க மேடம். சாயங்காலம் காட்டறேன்.”

சாயங்காலம் வராந்தாவில் சில பெண்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பாவாடை தாவணி, காலில் மட்டும் புதுக் கேன்வாஸ் ஷூ. ஒரு பெண்ணின் ஷூவில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. பெயர் கேட்டேன். கலைச்செல்வி என்றாள். மெலிந்த உடம்பு, நீளமான கால்கள். எந்த விளையாட்டு என்று கேட்டதற்கு, ஓட்டம் என்றாள்.

“எங்க ஓடுவே?”

“வாய்க்கா கரையில டீச்சர்.”

“மைதானத்துல ஓடறதில்லையா?”

அந்தோணி இருமினார். அந்தப் பெண் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஷூவைப் பார்த்துக்கொண்டாள்.

தாளாளர் மாலையில் வந்து சேர்ந்தார். ஊரில் எல்லோரும் அவரை ஐயா என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் சங்கத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். அந்த ஞாபக சக்தியே எனக்குப் பயமாக இருந்தது. மைதானத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். “அதுக்கென்னம்மா, நம்ம வீட்டுக்குச் சாப்பிடப் போற வழிதானே” என்று ஸ்டேடியம் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் ஜன்னல் வழியே கையை நீட்டினார். “அதோ.”

தூரத்தில் வெள்ளையடித்த கோல் கம்பங்கள் தெரிந்தன. சுற்றிலும் பச்சை.

“இறங்கிப் பார்க்கலாமே.”

“புல்லு இப்பத்தான் பிடிச்சிருக்கு. மழை வேற பெய்ஞ்சிருக்கு. மிதிச்சா வீணாப் போயிடும். விழா அன்னிக்குப் பார்க்கத்தானே போறீங்க.”

கார் நிற்கவில்லை. நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இருபது வருடமாகத் திடல் புல்லோடு மல்லுக்கட்டுகிறவள் நான். அது வளரும் விதம் தெரியும். திட்டுத் திட்டாக வரும், கோல் வாயில் மட்டும் மொட்டையாக இருக்கும். இந்தப் பச்சை வரிசை வரிசையாக இருந்தது. கோல் கம்பத்துக்குக் கீழே ஒரு கொக்கு மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பக்கத்து ஊரில் வாலிபால் போட்டி. அதற்கும் கூட்டிப்போனார்கள். எங்கள் ஊரில் கல்லூரிப் போட்டி என்றால் பார்க்க வருவது ஆட்டக்காரர்களின் அம்மாக்கள்தான். இங்கே சவுக்குக் கட்டையில் கேலரி கட்டி டிக்கெட் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் உரக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம். ஆட்டக்காரர்களின் பனியன் முதுகில் தாளாளரின் ரைஸ் மில் பெயர். முன்வரிசை நாற்காலிகளில் மிராசுதார்கள் உட்கார்ந்து ஒவ்வொரு நல்ல அடிக்கும் ரூபாய் நோட்டை ஊக்கில் குத்தி அனுப்பினார்கள்.

ஆட்டம் பிரமாதம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பந்தைத் தூக்கிக் கொடுக்கும் சேகரன் என்பவரின் விரல்களை நாள் முழுக்கப் பார்க்கலாம். முன்நெற்றி ஏறியவர் அவர்தான். பந்து அவர் கைக்கு வந்து, சத்தமில்லாமல் வேறு திசைக்குப் போனது.

இடைவேளையில் சோடா குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய் நான் யார் என்று சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வணக்கம் சொன்னார்.

“இந்த டிக்கெட் பணமெல்லாம் எங்க போகும்?” என்று நேராகவே கேட்டேன்.

“மைதான நிதிக்குன்னு சொல்வாங்க. பரிசுப் பணமும் அதுக்குத்தான். பிள்ளைங்ககிட்ட டெர்முக்கு டெர்ம் விளையாட்டுக் கட்டணம் வாங்குறாங்க, அதுவும் அதுக்குத்தான்.”

“உங்களுக்கு?”

“சாப்பாடு, ரூமு. மாசம் மில்லுல சம்பளம். கணக்குல நான் மூட்டை தூக்குறவன்.” தன் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “ஒரு மூட்டைகூடத் தூக்க விட மாட்டாங்க. கை போயிடும்ல.”

“படிப்பு முடிஞ்சதும் என்ன செய்வீங்க?”

“அது முடியாதுங்க. கை நல்லா இருக்கிற வரைக்கும் நான் ஸ்டூடண்டு.”

வருத்தமாகச் சொல்லவில்லை, வயலில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். விசில் ஊதியதும் ஓடிவிட்டார். அவர்கள் ஜெயித்தார்கள். தாளாளர் மேடையில் கோப்பையை உயர்த்திப் பிடித்தபோது, இத்தனை பணம் வந்து சேரும் அந்த மைதானத்தைப் பக்கத்தில் பார்க்காமல் விழாவுக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

நாலாம் நாள் காலை, தலைவலி என்று அந்தோணிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, பஸ் ஏறினேன். பாதி வழியில் பஸ் நின்றது. நடவுக் கூலி கேட்டு ஆண்களும் பெண்களும் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். “இன்னிக்கு வண்டி இத்தோட சரி, நடக்க முடிஞ்சவங்க நடங்க” என்றார் கண்டக்டர். சிகப்புத் துண்டு போட்ட ஒருவர் என்னை நிறுத்தி, எந்த ஊர், யாரைப் பார்க்க என்று விசாரித்தார். மலேசியா என்றதும், “உங்க ஆளுங்களுக்கு இங்க நிலம் இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. சுங்க அதிகாரி மாதிரியே என் பையைப் பார்த்தார்.

வாய்க்கால் கரை வழியாக நடந்தேன். செருப்பு சேற்றில் மாட்டி வார் அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டேன். கரை திரும்பிய இடத்தில் கோல் கம்பங்கள் தெரிந்தன.

புல் இல்லை. நெல். ஒரு பக்கத்துக் கம்பத்தைச் சுற்றி நாற்று பிடித்துப் பச்சையாக நின்றது. எதிர்க் கம்பம் நிற்கும் வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் வரப்புகள். கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் யாரோ தூக்குவாளியைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

முதலில் என்னைப் பார்த்த பெண் நிமிர்ந்தாள். மற்றவர்களும் நிமிர்ந்தார்கள். அவர்கள் பாடிக்கொண்டிருந்த நடவுப் பாட்டு நின்றது.

“யாரும்மா நீங்க? ரிவின்யூ ஆபீசா?” என்று கேட்டாள்.

“இல்லைங்க. இந்தக் கம்பத்தைப் பார்க்க வந்தேன்.”

“அதைப் பார்க்கவா? அது எங்களுக்கு இடைஞ்சலா நிக்குது. உழும்போது மாடு மோதுது.” சிரித்தார்கள். “நடவு வயலுக்கு வந்தவங்க சும்மா பார்த்துட்டுப் போகக் கூடாது. ஒண்ணு காசு கொடுங்க, இல்ல இறங்குங்க.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் வரை போனது சேறு. அந்தப் பெண் ஒரு முடி நாற்றைப் பிரித்துக் கையில் கொடுத்து, விரலால் எப்படி ஊன்றுவது என்று காட்டினாள். நான் நட்டவை சாய்ந்துகொண்டு நின்றன. பின்னாலேயே வந்து அவள் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். கோல் கம்பத்தின் ஒரு காலிலிருந்து மறு கால்வரை நட்டு முடித்தபோது இடுப்பு கழன்றுவிட்டது. பெண்கள் குலவை போட்டுக் கேலி செய்தார்கள்.

வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது அவள் சொன்னாள். பெயர் பாக்கியம். மாமனார் காலத்தில் ஐயா குடும்பத்துக்குச் சொந்தமான இந்த நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர்கள். பிறகு அதே நிலத்தைக் குத்தகைக்கு வாங்கி உழுகிறார்கள். ஐந்தாறு குடும்பம். சட்டம் வந்த பிறகு குத்தகையைப் பதிவு செய்ய மனு கொடுத்தார்கள்.

“அது வயலே இல்ல, காலேஜ் மைதானம்னு ஐயா எழுதிக் கொடுத்துட்டாரு. மைதானத்துக்கு உச்சவரம்பு கிடையாதாம். குத்தகையும் கிடையாதாம். ஆனா அறுப்பு முடிஞ்சா குத்தகை நெல்லு மட்டும் ஐயா மில்லுக்குத்தான் போவுது. ராத்திரியோட ராத்திரியா இந்தக் கம்பத்தைக் கொண்டாந்து நட்டுட்டுப் போனாங்க. நாளைக்கு அதிகாரி வந்து பார்க்கிறாராம். வெளிநாட்டுலேருந்து பணம் கொடுத்தவங்களே வந்து மைதானம்தான்னு சாட்சி சொல்லப் போறாங்களாம். யாரு பெத்த பிள்ளையோ.”

“அது நான்தான்” என்றேன்.

பாக்கியம் என் காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள். பிறகு, “கஞ்சி ஆறுது, குடிங்க” என்றாள்.

மத்தியானம் அவள் வீட்டில் இருக்கும்போது, கல்லூரி முடிந்து அவள் மகள் வந்தாள். கலைச்செல்வி. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா நாற்று நடும் இடத்துக்குத்தான் மகள் டெர்முக்கு டெர்ம் விளையாட்டுக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் தெரியும் டீச்சர்.” கையிலிருந்த புத்தகங்களைத் திண்ணையில் வைத்தாள். “நிஜமாவே அதை மைதானம் ஆக்கிட்டா நான் சந்தோஷப்படுவேன். எனக்கு ஓட ஒரு இடம் கிடைக்கும்.”

“ஓடிட்டு வந்து என்னத்தத் திம்பே?” என்றாள் பாக்கியம்.

“நீ என்னை எதுக்குக் காலேஜுக்கு அனுப்பினே?”

“இந்த நெல்லு வித்துத்தான் அனுப்புனேன்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு ஒரு திடல் வேண்டும் என்று பேசிப் பேசியே வயதைக் கழித்தவள் நான். அந்தத் திடல் இந்த வயலாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன்.

அந்தோணி விடுதி வாசலில் காத்திருந்தார். என் பாதத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“கிரவுண்டுப் பக்கம் போயிருந்தீங்களாமே மேடம். ஐயாவுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அது கிரவுண்டு இல்லை, அந்தோணி.”

“தெரியும் மேடம். நாளைக்கு ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுவாங்க. நல்லா இருக்குன்னு சொன்னாப் போதும். உங்களுக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லை. நீங்க கப்பல் ஏறிடுவீங்க.”

அது பயமுறுத்தலா, புத்திமதியா, தனக்காகக் கேட்ட உதவியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கப்பல் ஏறிவிடுவேன் என்பது மட்டும் உண்மை. எதைச் சொன்னாலும் அதன் விளைவை அனுபவிக்கப் போவது நான் இல்லை. நான் உண்மையைச் சொன்னால் கலைச்செல்வியைக் கல்லூரியை விட்டு அனுப்பிவிடலாம். சொல்லாவிட்டால் பாக்கியத்தை வயலை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

மறுநாள் விழாவுக்கு நெல்லடிக்கும் களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் வண்ணத் துணித் திரை. திரைக்கு மேலே இரண்டு வெள்ளைக் கம்பங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வலை கட்டி, சேகரனும் மற்றவர்களும் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கொண்டுவந்த பந்துகள்தான். கலைச்செல்வியும் மற்றப் பெண்களும் புது ஷூவோடு ஓரத்தில் நின்றார்கள். நில விசாரணைக்கு வந்த அதிகாரி, கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சர்பத் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. அவருக்கும் சந்தேக புத்தி உண்டு என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தாளாளர் நீளமாகப் பேசினார். கடல் கடந்த தமிழர்கள், வியர்வை, காவிரி, விளையாட்டு. பிறகு மைக்கை என்னிடம் திருப்பினார். “அம்மா தன் கண்ணாலேயே மைதானத்தைப் பார்த்தாங்க. அவங்களே ரெண்டு வார்த்தை சொல்லட்டும்.”

எழுந்தேன். என்ன சொல்வது என்று அதுவரை எனக்கே தெரியாது. தயாரித்து வைத்திருந்த நன்றியுரை எல்லாம் மறந்துவிட்டது. திரைக்கு மேலே தெரிந்த கம்பத்தைப் பார்த்தேன்.

“நேத்து நான் அந்தக் கோல் கம்பத்துக்குள்ள நின்னு நாத்து நட்டேன்” என்றேன். “சேறு முழங்கால் வரைக்கும் இருந்தது. சரியா நட வரலை. பின்னாலேயே வந்து ஒரு அம்மா நிமிர்த்தி நட்டாங்க.”

மைக் நின்றுவிட்டது. கம்பியைப் பிடுங்கினார்களா, மின்சாரம் போனதா தெரியாது. ஆனால் திடலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. மைக் இல்லாமலே, “எங்க சங்கத்துப் பணத்துல இங்க மைதானம் எதையும் நான் பார்க்கலை” என்று முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

தாளாளர் முகம் மாறவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “அம்மா தமாஷா பேசுறாங்க.”

அதிகாரி எழுந்தார். “தமாஷான்னு பார்த்துடலாமே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மேடையின் பின்பக்கம் போய்த் துணித் திரையை ஒதுக்கினார்.

நடவு முடிந்த வயலில் நாற்று காற்றில் அசைந்துகொண்டிருந்தது. வரப்பில் பாக்கியமும் மற்றப் பெண்களும் நின்றிருந்தார்கள். விழாவைப் பார்க்க வந்து, உள்ளே விடாததால் அங்கே நின்றவர்கள். அதிகாரி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரப்பில் இறங்கிப் போனார். அவர் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்பது தூரத்திலிருந்து தெரிந்தது. மேடையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சேகரன் மட்டும் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

அடிக்கல் நடப்படவில்லை. ஸ்டேடியம் வண்டியும் எனக்காக வரவில்லை. நடந்து விடுதிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஊருக்குள் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். சிகப்புத் துண்டுக்காரர் அங்கேயே தேடி வந்துவிட்டார். நன்றி சொன்னார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த இரண்டாம் தவணையை அவருடைய விவசாயச் சங்கத்துக்கே கொடுக்கலாமே என்றார். என் ஊர்ச் சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அந்தோணி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கழுத்தில் விசில் இல்லாமல் வந்தார். அவரை மைதானப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். விடுதிச் சாப்பாட்டுக்குக் காய்கறி வாங்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

“என்மேல கோபமா?” என்றேன்.

“இருந்துச்சு மேடம்.” பிறகு கொஞ்சம் சிரித்தார். “காலைல ஒரு கூத்து நடந்துச்சு. கலைச்செல்வி பத்துப் பதினஞ்சு பொண்ணுங்களைச் சேர்த்துக்கிட்டு ஆபீசுக்கு வந்துட்டா. எந்த மைதானத்துக்குக் கட்டணம் வாங்குனீங்க, திருப்பிக் கொடுங்கன்னு ஜன்னல் முன்னாடியே உட்கார்ந்துட்டாங்க.”

“அவளை வெளியே அனுப்பிட்டாங்களா?”

“அனுப்புனா அந்த அதிகாரி காதுக்குப் போகும்னு ஐயாவுக்குப் பயம். பணமும் தரலை. வாலிபால் கோர்ட்டை வாரத்துக்கு ரெண்டு காலை பொண்ணுங்களுக்கு விடறேன்னு சொல்லியிருக்காரு.” குரலைத் தாழ்த்தினார். “நம்பாதீங்க. இப்ப நீச்சல் குளம் கட்டப் போறதா பேச்சு. இன்னொரு வயலைக் காப்பாத்த. சிங்கப்பூர்லேருந்து ஒருத்தர் வர்றாராம்.”

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாக்கியம் முதலானவர்களின் குத்தகை பதிவாயிற்று. அந்த அதிகாரி வேறு ஊருக்கு மாற்றப்பட்டார்; அது இதற்காகத்தானா என்று தெரியாது. முதல் தவணை திரும்பி வரவில்லை. இரண்டாவதை எங்கள் சங்கம் அனுப்பவில்லை. தோட்டத்துப் பெண்கள் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். ஒருத்தி கேட்டாள், இதை முன்னாலேயே பார்த்துவிட்டு உண்டியல் குலுக்கியிருக்கக் கூடாதா என்று. நியாயமான கேள்வி.

ஆனால் நான் சொல்ல நினைப்பது, கிளம்பிய அன்று காலையைப் பற்றி. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வாய்க்கால் கரைக்குப் போனேன். கலைச்செல்வி வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். ஷூவைக் கல்லூரியில் திருப்பி வாங்கிவிட்டார்களாம்.

“என்மேல வருத்தம் இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு டீச்சர்” என்றாள். “அம்மா நேத்து நல்லாத் தூங்குனாங்க. அதையும் சொல்லணும்.”

மதகிலிருந்து அடுத்த மதகு வரை ஓடச் சொன்னேன். தூரத்தை நானே காலடியால் அளந்து வைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகிறவர்கள் கரையோரமாக ஒதுங்கி நின்றார்கள். கையைத் தட்டினேன்.

அவள் புறப்பட்டாள். கரை முழுக்கச் சேறும் மாட்டுக் குளம்படிப் பள்ளமும். எதையும் பார்க்காமல், தலை அசையாமல், முழங்கால்களைத் தூக்கித் தூக்கி ஓடினாள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வாய்திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அந்த மதகைத் தொட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கள் மாநிலத்தில் பரிசு வாங்கிய பெண்களுக்கு நான் பிடித்த நேரமெல்லாம் எனக்கு மனப்பாடம். கடிகாரத்தைக் காதருகே வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலடியால் அளந்ததில் தப்பு வந்திருக்கும் என்று திரும்ப நடந்து அளந்தேன். தப்பில்லை.

மூச்சு வாங்க அவள் என் முன்னால் வந்து நின்றாள். “என்ன டீச்சர்?”

“நம்ப முடியலை” என்றேன். “இன்னொரு தடவை ஓடு.”